தறிக் கொட்டகையில் ஒரு ரேஸ் கார்

எங்கள் வீட்டில் பேய் இருக்கிறது என்று மல்லிகா வந்து சொன்னபோது நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணெல்லாம் தண்ணீர். அதைப் பார்த்துவிட்டு நான் பயந்து அழுகிறேன் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

"அழுவாதீங்கக்கா. உங்கள ஒண்ணும் பண்ணாது. பெரியவரு நல்ல மனுசன்தான" என்று ஆறுதல் வேறு சொன்னாள்.

மல்லிகா எங்கள் வீட்டுப் பின்னால் இருக்கும் கொட்டகையில் பவர்லூம் ஓட்டுகிறவள். பெரியவர் என்று அவள் சொல்வது என் வீட்டுக்காரரின் அண்ணனை. போன பங்குனியில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தவரை.

"எங்கடி பாத்தே?"

"காருக்கும் ரெண்டாவது தறிக்கும் நடுவுலக்கா. வெள்ளை வேட்டி கட்டிகினு, ஓடிகினு இருக்கிற துணிய ரெண்டு வெரலால தொட்டுத் தொட்டுப் பாத்துகினு நின்னாரு. நான் கூப்பிட்டேன். திரும்பல."

சொல்லிவிட்டுப் போனவள்தான். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். பேய் பிசாசு அண்டாமல் கழிப்பு கழிக்கிறேன் என்று வாசலுக்கு வந்தவரை வழியனுப்பி வைத்ததைக்கூட இங்கே எழுதியிருக்கிறேன். ஆனாலும் அந்த 'இரண்டு விரல்' என்னை என்னவோ செய்தது. பெரியவர் துணியைப் பார்ப்பது அப்படித்தான். மல்லிகா வேலைக்குச் சேர்ந்தது அவர் போன பிறகு... அவள் அவரைப் பார்த்ததே போட்டோவில்தான்.

கதையை முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் பெயர் தணிகாசலம். திருத்தணியில் நடுத்தெருவில் நின்று இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். பூர்வீகம் பொதட்டூர்பேட்டை. அண்ணனும் தம்பியுமாக இங்கே வந்து கொட்டகை போட்டு லுங்கி நெய்ய ஆரம்பித்தார்கள். அண்ணன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எங்கள் மாடியிலேயே இருந்தார். அவருக்கென்று ஆசையாக வாங்கிக்கொண்ட ஒரே பொருள் ஒரு சின்ன பெட்ரோல் கார்.

அந்தக் காரை அவர் ஓட்டும் அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்பதைத் தாண்ட மாட்டார். ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் பின்னால் வந்து ஹாரன் அடித்தால் ஓரங்கட்டி நிறுத்திவிடுவார். பஸ் போய், அது கிளப்பிய புழுதியும் அடங்கிய பிறகுதான் கியரைத் தொடுவார். உள்ளே எப்போதும் ஜவ்வாது வாசனை. தம்பிக்கு ஸ்டியரிங்கைத் தொட அனுமதி கிடையாது. "நீ அவசரக்காரன்டா" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. மதியச் சாப்பாட்டு வேளை வந்தால் கொட்டகை மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். பழைய காலத்து இரும்புப் பெட்டி அது. பக்கவாட்டில் கைப்பிடி. ஆள் நின்று அழுத்தினால்தான் கீழே இறங்கும். மற்ற கொட்டகைகளில் ஒருவர் சாப்பிடப் போனால் இன்னொருவர் ஓட்டுவார். பெரியவர் சம்மதிக்க மாட்டார். "சோறு துன்னும்போதாவது வாய மூடிகினு இருக்கட்டும்" என்று தறியைத் திட்டுவார். எங்கள் வீட்டில் தறி நின்றால் தட்டு வைக்க வேண்டும் என்று அர்த்தம்.

அவர் போன பிறகு அதுவும் போயிற்று. என் வீட்டுக்காரர் தறி ஓட ஓடவே வந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவார்.

தறி வீடுகளில் வாழ்கிறவர்களுக்கு ஒரு தனிக் காது உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அந்தச் சத்தத்தில் தூக்கமே வராது. பிறகு சத்தம் கேட்பதே நின்றுபோனது. இப்போது தறி ஓடுவது எங்களுக்குக் காதில் விழாது. நின்றால்தான் விழும். எங்கே இருந்தாலும் திடுக்கென்று நிமிர்ந்து, 'இன்னா ஆச்சு' என்று ஓடுவோம். இவர் பாத்ரூமிலிருந்து சோப்பு நுரையோடு ஓடிய நாளும் உண்டு.

சரி, காருக்கு வருகிறேன்.

அண்ணன் போன பிறகு கார் தம்பி கைக்கு வந்தது. இத்தனை வருஷம் தொட விடாத ஸ்டியரிங். பாவம், பிடித்துக்கொண்டு சும்மாவே உட்கார்ந்திருப்பார். நான் பார்க்காத மாதிரி போய்விடுவேன். கொஞ்ச நாளில் துக்கம் மெதுவாக யூட்யூப் பக்கம் திரும்பியது. கேரளத்துப் பையன் ஒருவன் வீட்டு வாசலிலேயே காரைப் பிரித்து மேய்ந்து ரேஸ் காராக்குவதை இவர் சாப்பிடும்போதும் பார்த்தார், படுக்கும்போதும் பார்த்தார்.

"வசந்தி, இந்தக் காரு மூச்சு வுட முடியாம தவிக்குது தெரியுமா?"

"யாரு சொன்னா? காரா?"

கிண்டலெல்லாம் ஏறவில்லை. பார்சல் பார்சலாக வர ஆரம்பித்தது. கம்பெனி போட்டுக் கொடுத்ததை எடுத்துவிட்டு நம் இஷ்டத்துக்கு மாட்டுகிற பார்ட்ஸாம். முன்பக்கம் காற்று தாராளமாக உள்ளே போக கூம்பு மாதிரி ஒரு ஏர் ஃபில்டர். பின்பக்கம் புகை தாராளமாக வெளியே போக, என் கை நுழையும் அளவுக்கு ஒரு சைலன்சர். ஃப்ரீ ஃப்ளோவாம்.

மெக்கானிக்கிடம் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"ஒரு தறிய ஆணி ஆணியாக் கழட்டி மாட்டறவன் நானு. இதுக்கு ஒரு மெக்கானிக்கா?"

இரண்டு தறிகளை விற்ற இடம் கொட்டகையில் காலியாக இருந்தது. காரை அங்கே ஏற்றினார். மரக்கட்டை முட்டுக் கொடுத்து அடியில் படுத்துக்கொண்டார். முதல் வேலையாக, புகைக் குழாயின் நடுவில் இருந்த ஒரு தடித்த டப்பாவைக் கழற்றி மூலையில் எறிந்தார். கன்வெர்ட்டர் என்று பெயராம்.

"இதான் வண்டியோட தொண்டைய அடச்சிகினு இருந்துது."

"அத எதுக்கு வெச்சிருக்காங்க?"

"சும்மா... புகைக்கு."

நானும் சரி என்று போய்விட்டேன். 'சும்மா' என்று ஒரு பொருளை எந்தக் கம்பெனிக்காரன் வைப்பான் என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

புது சைலன்சரை மாட்டி முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது எதிர்வீட்டுக் குழந்தை வீரிட்டது. எதிர்வீட்டு சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். நாகரிகமானவர். "தணிகாசலம், புலி எதுவும் வாங்கிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு இவர் தெருப்பக்கத்து ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் எஞ்சினைப் போடுவார். வீட்டுப் பக்கத்துச் சின்னக் கதவும் சாத்தியே இருக்கும். அது எப்போதும் அப்படித்தான். எந்தத் தறிக்காரரும் கொட்டகையைத் திறந்து போட மாட்டார். வெளிக்காற்று பட்டால் நூல் காய்ந்து படபடவென்று அறும். ஜன்னலைக்கூட சாக்கு கட்டி அடைத்து வைத்திருப்போம். மூடிய கொட்டகை, ஓடுகிற தறி, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு ஓடுகிற எஞ்சின். தெருவுக்கு ஒன்றும் கேட்காது. 'செட் ஆகணும்' என்று எஞ்சினை அப்படியே ஓடவிட்டு, எங்கே லீக் என்று தடவிக்கொண்டே இருப்பார்.

அதன் பிறகுதான் மல்லிகா தலை வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். அதன் பிறகுதான் வெள்ளை வேட்டி.

மல்லிகா நின்றுவிட்டதால் இவரே தறியையும் ஓட்டிக்கொண்டு காரையும் நோண்டினார். ஒரு நாள் சாயந்திரம், வெளிச்சம் போகவில்லை, டீ எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்து உள்ளே நுழைந்து சாத்தினேன். டியூப் லைட் வெளிச்சத்தில் பஞ்சுத் தூசு மிதந்தது. கொஞ்ச நேரம் நின்று இவர் வேலையைப் பார்த்தேன். கால் மட்டும் காருக்கு வெளியே தெரிந்தது. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. என் நெற்றிப்பொட்டு விண்ணென்று தெறித்தது. வெயிலில் அலைந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பார்த்தால் இவர் இரண்டாவது தறிக்குப் பக்கத்தில் நிற்கிறார். முதுகு தெரிகிறது. எப்போது எழுந்து போனார்? துணியின் மேல் குனிந்து, இரண்டு விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டம்ளரைத் தறியின் சட்டத்தில் வைத்தேன்.

"ஆறிப்போவுது. குடிச்சிட்டுப் பாருங்க" என்றேன்.

விரல்கள் துணியிலேயே நகர்ந்தன. ஜவ்வாது வாசனை வந்தது.

"யார்கிட்ட பேசிகினு இருக்கே?" என்று இவர் குரல் கேட்டது. காருக்கு அடியிலிருந்து.

நான் கீழே குனிந்து பார்த்தேன். அந்தக் கால்கள் அங்கேயேதான் இருந்தன. நிமிர்ந்து பார்த்தேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. டம்ளர் மட்டும் சட்டத்தின் மேல் அதிர்ந்துகொண்டிருந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்திருந்தேன். வயிற்றைப் புரட்டியது. எனக்குப் பயமாக இருந்தது. நாலு பேருக்குப் பகுத்தறிவு சொல்லி வாரம் தவறாமல் எழுதுகிற எனக்கு, என் வீட்டுக் கொட்டகைக் கதவைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. பிறகு இவர் அந்த டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். டீ அப்படியே இருந்தது. அது குறைந்திருந்தால் நான் அன்றைக்கே அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்.

"உங்களுக்கு எதுவும் தெரியலயா உள்ள?" என்று கேட்டேன்.

இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியுது" என்றார். "ரெண்டு மூணு தபா கூப்டுது. தணிகா தணிகான்னு. அண்ணன் கொரல்தான். எனக்கு ஒண்ணும் பயமில்ல வசந்தி. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது."

அந்த 'நல்லாத்தான் இருக்குது' தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. இவரை அந்தக் கொட்டகை இழுக்கிறது என்று தோன்றியது. சோறு இறங்கவில்லை. தலைவலி மாத்திரையை மிட்டாய் மாதிரி போட்டுக்கொண்டு திரும்பவும் உள்ளேயே போய் உட்கார்ந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. ஆளை எப்படி வெளியே இழுப்பது?

பொதட்டூர்பேட்டைக்கு போன் செய்தேன். பாவா வந்தார்.

பாவா என்பது இவருடைய அக்கா வீட்டுக்காரர். முறைப்படி நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். ஆனால் எங்கள் குடும்பம் மொத்தத்துக்கும் அவர் பாவாதான். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு தீர்ப்பு இருக்கும். கொட்டகைக்குள் நுழையாமல் வாசலில் நின்றே தீர்ப்பு சொன்னார்.

"நாப்பதுல ஓட்டின காரு. அத்தப் போயி ரேஸ் வுடற காரு ஆக்கினா அவருக்குக் கோவம் வராதா? எல்லாத்தையும் கழட்டிப் போடு. இல்லன்னா மலைக்கி எட்த்துனு போயி பூசை போடு."

கழற்றிப் போட இவர் சம்மதிக்கவில்லை. மலைக்குப் போகச் சம்மதித்தார். எங்கள் ஊரில் புது வண்டி வாங்கினால் முதலில் மலைக்குத்தான் போகும். சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினால்தான் அது வண்டி. இந்தக் காருக்கும் பெரியவர் அதையெல்லாம் செய்தவர்தான். 'பார்ட்ஸ் புதுசுதான, மறுபடியும் போடலாம்' என்பது பாவாவின் சட்டம்.

காலையில் கிளம்பினோம். இவர் ஓட்ட, பாவா முன்னால், நான் பின்னால். கண்ணாடியெல்லாம் ஏற்றி ஏசி போட்டாயிற்று. வண்டி உறுமியது. கே.ஜி.கண்டிகை போய் பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பி வந்து மலை ரோட்டைப் பிடிப்பதற்குள் என் தலைக்குள் அதே தெறிப்பு. பாவா வழியெல்லாம் பேசுகிறவர். அவர் பேச்சு நின்றிருந்தது. ஏறும் வழியில் ஒரு வளைவில், "தணிகா... பின்னால ஒக்காந்துகினு இருக்கறது யாரு?" என்றார்.

"வசந்திதான் பாவா."

"வசந்தி சரி. பக்கத்துல?"

நான் பக்கத்து சீட்டைப் பார்க்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முருகா முருகா என்று வாய் தானாகச் சொல்லியது. பாவா கதவைத் திறப்பதற்குள் வாந்தி எடுத்துவிட்டார்.

மேலே போய் இறங்கினோம். மலைக்காற்று முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் மதில் ஓரமாக உட்கார்ந்தோம். பாவாவுக்கு முகம் தெளிந்தது. எனக்குத் தலைவலி இறங்கியது. இவர்கூட நன்றாகச் சிரித்தார். அர்ச்சகர் சந்தனம் வைத்தார், எலுமிச்சம்பழம் நசுங்கியது. புளியோதரை வாங்கி மூவரும் பசியோடு சாப்பிட்டோம். எத்தனை நாளைக்குப் பிறகு இவர் அப்படிச் சாப்பிட்டார்!

"பாத்தியா? சன்னிதிக்கு வந்ததும் வுட்டுப் போயிட்ச்சி" என்றார் பாவா.

வாந்தி நாற்றம் போக வேண்டுமென்று இறங்கும்போது எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு வந்தோம். வழியில் யாருக்கும் எதுவும் இல்லை. யாரும் பக்கத்தில் உட்காரவும் இல்லை. பூசை பலித்துவிட்டது. நானே நம்பினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கோயில் வாசலில் நின்று வேண்டிக்கொண்டு வந்த நிம்மதி... அது பொய் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அந்த நிம்மதிதான் எங்களைக் கொல்லப் பார்த்தது.

அண்ணன் கோபம் தீர்ந்துவிட்டதல்லவா? மறுநாள் காலையிலேயே இவர் தெம்பாகக் கொட்டகைக்குள் போனார். ஷட்டர் இறங்கியது. கதவு மூடிக்கொண்டது. தறி ஓடியது. எஞ்சினும் ஓடியிருக்கும். தறிச் சத்தத்தில் எனக்குத் தெரியாது.

நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த வாரத்துக்கான பத்தியை எழுதிக்கொண்டிருந்தேன். இது அல்ல, வேறு. தக்காளி விலையைப் பற்றி என்னவோ. ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. மதியத்துக்குச் சோறு வடித்து, ரசம் இறக்கி மூடி வைத்தாயிற்று.

தறி நின்றது.

பேனா அப்படியே நின்றது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கொட்டகைக்குத் தனி லைன், அது மட்டும் போயிருக்கும். இப்போது கதவு திறக்கும். "ஈபிக்கு போன் போடு" என்று கத்திக்கொண்டே இவர் வருவார். அப்படி வராமல் இருந்ததே இல்லை.

கதவு திறக்கவில்லை.

தறிச் சத்தம் அடங்கிய பிறகுதான் அதற்கு அடியில் கிடந்த இன்னொரு சத்தம் மேலே வந்தது. ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்த எஞ்சின். தறி நின்றது இவருக்குக் கேட்கவில்லை. தறி நின்றது இவருக்குக் கேட்கவில்லை என்றால்...

நான் ஓடினேன். கதவைத் தள்ளியதும் சூடான காற்று முகத்தில் மோதியது. இவர் காருக்குள் டிரைவர் சீட்டில் இருந்தார். தலை பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. கன்னம் நல்ல சிவப்பாக, சின்னப்பிள்ளை தூங்குகிற மாதிரி இருந்தது. உலுக்கினேன். கை துவண்டு விழுந்தது. சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தினேன். ஷட்டரை எப்படித் தூக்கினேன் என்று கேட்காதீர்கள், இன்றைக்குக் காலையில் முயற்சி செய்தேன், அசையவில்லை. தெருவைப் பார்த்துக் கத்தினேன். எதிர்வீட்டு சாரும், ஆட்டோவில் போய்க்கொண்டிருந்த யாரோ ஒரு தம்பியும் ஓடி வந்து இவரை வெளியே தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, இந்த மனிதரைக் கொடு, அந்தக் காரை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று மலை இருக்கும் திசையைப் பார்த்து பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா சின்னப் பெண். என்ன நடந்தது என்று ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னார். மல்லிகா, வெள்ளை வேட்டி, டீ டம்ளர், மலைப்பாதை எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"கார் புகையில கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு விஷம் இருக்குங்கம்மா. கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. நீங்க கழட்டிப் போட்டீங்களே கன்வெர்ட்டர், அதுதான் அத முறிக்கிறது. அடைச்ச எடத்துல அந்தப் புகை சேந்தா மொதல்ல தலைவலி, வாந்தி. அப்புறம் மூளைக்குக் காத்து பத்தாம, இல்லாத ஆளு தெரியும், இல்லாத கொரல் கேக்கும். காருக்கு அடியில லீக் இருந்தா காருக்குள்ளயும் வரும். மலை மேல காத்து வாங்கினீங்க, சரியாப் போச்சு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா இவரு கிடைச்சிருக்க மாட்டாரு."

எல்லாம் பொருந்தியது. ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. பெரியவர் துணி பார்க்கிற விதத்தை மல்லிகாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நானேதான் எப்போதாவது பேச்சுவாக்கில் சொல்லியிருப்பேன். ஜவ்வாது காரிலேயே ஊறியிருந்தது. பேய் இல்லை. புகைதான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

இவர் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "தறி நின்னுச்சா?"

"நின்னுது. அதனாலதான் வந்தேன்."

"அண்ணன் சாப்பிடக் கூப்டாரு" என்றார். "எழுந்திரிக்கப் பாத்தேன், முடியல."

அது புகை என்று இவருக்கும் பொறுமையாக விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு மல்லிகாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "பொகையா?" என்று ஏமாற்றமாகக் கேட்டாள். கதவும் ஷட்டரும் திறந்தே இருக்கும், நூல் அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும் என்று நான் சத்தியம் செய்த பிறகு உள்ளே போனாள். தறியைப் போட்டாள். ஓடவில்லை.

"அக்கா, மெயினு ஆஃப்ல இருக்குது" என்றாள்.

போய்ப் பார்த்தேன். இரும்புப் பெட்டியின் கைப்பிடி கீழே இறங்கியிருந்தது. முழுசாக, கடைசி வரைக்கும்.

எதிர்வீட்டு சாரைக் கேட்டேன். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. அவர்கள் வந்ததே தறி நின்ற பிறகுதானே? கொட்டகை லைனில் கரண்ட் போகவும் இல்லை, விசாரித்துவிட்டேன். இவரைக் கேட்டேன்.

"நான் சீட்ட வுட்டே எழுந்திரிக்கல வசந்தி" என்றார். "சுவிட்ச் வரைக்கும் போவ முடிஞ்சா, பக்கத்துலயே கீற கதவைத் தெறந்துகினு வெளிய வந்திருக்க மாட்டனா?"

பாவாவுக்கு போனில் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் தீர்ப்பு எதுவும் இல்லை. "ஆங்... ஆங்..." என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இவரே மயக்கத்தில் எழுந்து போய் அணைத்துவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்திருப்பார், அது இவருக்கே நினைவில்லை. நான் அப்படித்தான் முடிவு கட்டியிருக்கிறேன். டாக்டரம்மாவிடம் கேட்டால் அவரும் அதைத்தான் சொல்வார். கேட்கவில்லை.

கார் இப்போது பழையபடி ஆகிவிட்டது. இந்தத் தடவை மெக்கானிக் கையால். கன்வெர்ட்டர் திரும்ப ஏறியது. புது பார்ட்ஸெல்லாம் மூலையில் கிடக்கின்றன. இவர் நாற்பதைத் தாண்டுவதில்லை. டவுன் பஸ் ஹாரன் அடித்தால் ஓரங்கட்டுகிறார். கொட்டகையில் காற்று வீசுகிறது, நூல் அறுகிறது, மல்லிகா முணுமுணுத்துக்கொண்டே முடிச்சுப் போடுகிறாள்.

மதியம் சோறு வடித்ததும் நான் ஓடிப் போய் மெயின் சுவிட்சை என் கையாலேயே இறக்கிவிடுகிறேன்... யாரும் எனக்கு முந்திவிடக் கூடாது பாருங்கள்.